இரவு 2 மணிக்கு வார்டில் புகை வந்தால்... சிஸ்டருக்கு யார் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்?

2024 டிசம்பர் 12-ம் தேதி இரவு, திண்டுக்கல்லில் எலும்பு முறிவு சிகிச்சைக்கான ஒரு தனியார் மருத்துவமனையில் தீப்பிடித்தது. கீழே பிடித்த தீ, மேல் மாடிகளுக்குப் புகையாகப் போய்ச் சேர்ந்தது. ஒரு குழந்தை உட்பட 6 பேர் இறந்துபோனார்கள். லிஃப்ட்டுக்குள் மயங்கிக் கிடந்த நிலையில்தான் அவர்களை மீட்டார்கள் என்று மறுநாள் செய்திகளில் படித்தபோது, தமிழ்நாடே ஒரு கணம் உறைந்துபோனது.

எலும்பு முறிவு மருத்துவமனை என்பதை மறந்துவிடக் கூடாது. காலில் கட்டு, இடுப்பில் கட்டு, எடை தொங்கவிட்ட கால் என்று படுத்திருப்பவர்கள் படிக்கட்டைத் தேடி ஓட முடியாது. லிஃப்ட்தான் கண்ணில் படும். 'தீ விபத்தின்போது லிஃப்ட்டைப் பயன்படுத்தாதீர்கள்' என்ற பலகை எல்லா மருத்துவமனையிலும் இருக்கிறது. மூச்சு முட்டும் புகையில், இருட்டில், பயத்தில் அந்தப் பலகையை யார் படிப்பார்கள்? லிஃப்ட் வாசலில் ஓர் ஆள் நின்று, "இதுல ஏறாதீங்க, இந்தப் பக்கம் வாங்க" என்று கையைப் பிடித்து இழுக்க வேண்டும். அந்த ஆள் யார் என்பது அன்றைக்கு இரவு முடிவு செய்கிற விஷயம் அல்ல. டியூட்டி ஆரம்பிக்கும்போதே முடிவாகியிருக்க வேண்டும்.

மருத்துவமனைத் தீ விபத்து ஒவ்வொன்றுக்குப் பிறகும் ஒரே மாதிரியான கேள்விகள் வருகின்றன. தடையில்லாச் சான்று இருந்ததா, ஒயரிங் பழசா, தீயணைப்பு சிலிண்டர் காலாவதியா... எல்லாம் கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால், அந்த நேரத்தில் டியூட்டியில் இருந்த நர்ஸுக்கும், வார்டு பாய்க்கும், ஆயாம்மாவுக்கும், வாட்ச்மேனுக்கும் என்ன செய்ய வேண்டும் என்று யாராவது எப்போதாவது சொல்லிக் கொடுத்தார்களா என்ற கேள்வி மட்டும் கடைசி வரிக்குப் போய்விடுகிறது. பல நேரம் அந்த வரியும் வருவதில்லை.

கொல்கத்தாவில் நடந்தது

2011 டிசம்பர் 9. தெற்கு கொல்கத்தாவின் டாக்கூரியா பகுதியில் பெயர்பெற்ற ஒரு தனியார் மருத்துவமனை. அதிகாலை 3 மணியைத் தாண்டிய நேரம். கார் நிறுத்துவதற்காக அனுமதி வாங்கிய அடித்தளத்தைக் கிடங்காகப் பயன்படுத்திவந்தார்கள். தீ அங்கேதான் ஆரம்பித்தது. மேலே இருந்த வார்டுகளை நெருப்பு தொடவே இல்லை என்று சொல்லலாம். ஏ.சி. குழாய்கள் வழியாகப் புகைதான் ஏறியது. வெளிப்புறம் முழுக்கக் கண்ணாடி போர்த்திய கட்டடம். ஜன்னலைத் திறக்க வழியில்லை. தூக்கத்திலேயே மூச்சுத்திணறி இறந்தவர்கள்தான் அதிகம். மொத்தம் சுமார் 90 பேர்.

இந்த விபத்தில் இரண்டு விஷயங்களை மருத்துவமனை நடத்துகிற ஒவ்வொருவரும் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டும்.

முதலாவது, புகையை முதலில் பார்த்தவர்கள் பக்கத்துக் குடிசைப் பகுதி மக்கள். ஓடிவந்து சொன்னார்கள், உதவி செய்ய உள்ளே வர முயன்றார்கள். காவலாளிகள் அவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். தீயணைப்புத் துறைக்குத் தகவல் போகவும் தாமதமானது. அப்புறம் அதே மக்கள்தான் மூங்கில் கழிகளையும் கயிறுகளையும் கொண்டுவந்து, கண்ணாடியை உடைத்து நோயாளிகளை இறக்கினார்கள். காவலாளிகளைத் திட்டுவது சுலபம். உள்ளே யாரையும் விடாதே என்பதுதான் அவர்களுக்குக் கொடுத்த ஒரே உத்தரவு. புகை வந்தால் யாருக்கு போன் செய்ய வேண்டும், எந்தக் கதவைத் திறந்துவிட வேண்டும், எப்போது அந்த உத்தரவை மீறலாம் என்பதை அவர்களுக்கு யாரும் கற்றுக்கொடுத்திருந்தால், கதையே வேறாக இருந்திருக்கலாம்.

இரண்டாவது, பெண்கள் வார்டு ஒன்றில் இரவு டியூட்டியில் இருந்த கேரளத்தைச் சேர்ந்த இரண்டு இளம் நர்ஸுகள். அந்த வார்டில் 9 நோயாளிகள். 8 பேரை வெளியே கொண்டுவந்து சேர்த்துவிட்டு, ஒன்பதாவது நோயாளிக்காகத் திரும்பிப் போனவர்கள் வரவில்லை. நாடே அவர்களைக் கொண்டாடியது. கொண்டாட வேண்டியதுதான். ஆனால், அந்த இருவருக்கும் ஒரு முகக்கவசமோ, ஒரு டார்ச்சோ, கூட ஒரு ஆளோ கிடைத்திருந்தால் விருது வாங்க அவர்களே வந்திருப்பார்களே என்கிற எண்ணமும் கூடவே வரத்தான் செய்கிறது. தியாகத்தைப் பாராட்டுகிற வேகத்தில், அந்தத் தியாகத்துக்கு அவசியம் ஏன் வந்தது என்பதைக் கேட்காமல் விட்டுவிடுகிறோம்.

முதல் 5 நிமிடங்கள்

தீயணைப்பு வண்டி எவ்வளவு வேகமாக வந்தாலும் முதல் சில நிமிடங்கள் ஊழியர்கள் கையில்தான். அந்த நிமிடங்களுக்கென்று உலகம் முழுக்க மருத்துவமனைகளில் சொல்லிக் கொடுக்கிற நான்கு வேலைகள் உண்டு. ஆபத்தில் இருப்பவரை அந்த இடத்தைவிட்டு நகர்த்துவது, சத்தம் போட்டு எல்லோருக்கும் தெரிவிப்பது, கதவைச் சாத்தித் தீயையும் புகையையும் அந்த அறைக்குள்ளேயே அடைப்பது, சின்னத் தீயாக இருந்தால் அணைப்பது, இல்லையென்றால் வெளியேறுவது. நர்ஸிங் படிப்பிலும் இது வரும். படித்ததற்கும் கை பழகியதற்கும் உள்ள தூரம், நீச்சல் புத்தகம் படித்தவருக்கும் நீந்துகிறவருக்கும் உள்ள தூரம்.

கதவைச் சாத்துவது என்ற மூன்றாவது வேலையைப் பாருங்கள். கேட்க ரொம்பச் சாதாரணம். ஆனால், பதற்றத்தில் எல்லோரும் கதவை விரியத் திறந்துபோட்டுவிட்டுத்தான் ஓடுவார்கள். அந்த ஒரு கதவு சாத்தியிருந்தால், பக்கத்து வார்டுக்குப் புகை போகச் சில நிமிடங்கள் கூடுதலாகப் பிடிக்கும். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு அந்தச் சில நிமிடங்கள்தான் எல்லாமே.

இன்னொன்று, எல்லோரையும் உடனே தெருவுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று நினைப்பது. பள்ளிக்கூடத்துக்கும் சினிமா தியேட்டருக்கும் அது சரி. ஆஸ்பத்திரிக்குப் பொருந்தாது. வென்டிலேட்டரில் இருப்பவரை 4 மாடி இறக்குவது லேசான வேலையா? அதனால், முதலில் அதே மாடியில், தடுப்புக் கதவைத் தாண்டி அடுத்த பகுதிக்குத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். அங்கேயும் புகை வந்தால்தான் கீழே. நடக்க முடிந்தவர்களைக் கும்பலாக ஒருவர் அழைத்துப்போக, சக்கர நாற்காலி ஆட்கள் அடுத்து, படுத்திருப்பவர்கள் அதற்கடுத்து என்பது பொதுவாகப் பழக்குகிற வரிசை. கேட்கக் கொடுமையாகத் தோன்றும். குறைந்த ஆட்களை வைத்துக்கொண்டு அதிக உயிர்களைக் காப்பாற்றுகிற கணக்கு அது. தீ பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் வரிசை கிடையாது; அவர்தான் முதலில்.

ஸ்ட்ரெச்சர் இல்லையா? பெட்ஷீட் இருக்கிறதே. நோயாளியைப் படுக்கை விரிப்போடு தரையில் இறக்கி, தலைப்பக்கம் பிடித்து இழுத்துக்கொண்டே போய்விடலாம். ஒல்லியான ஒரு நர்ஸ்கூடத் தன்னைவிடக் கனமானவரை இப்படி நகர்த்த முடியும். புகை மேலே நிற்கும், தரையோரம் காற்று கொஞ்சம் சுத்தமாக இருக்கும் என்பதால் இழுபடுகிறவருக்கும் நல்லது. ஒரு மதிய நேரத்தில் 20 நிமிடம் ஒதுக்கினால் ஒரு வார்டு ஊழியர்கள் எல்லோருக்கும் இதைப் பழக்கிவிடலாம். செலவு, ஒரு பழைய பெட்ஷீட்.

சிவப்பு சிலிண்டரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பின்னை இழு, குழாயைத் தீயின் அடிப்பாகத்தைப் பார்த்துக் காட்டு, பிடியை அழுத்து, இடமும் வலமுமாக வீசு. அவ்வளவுதான். ஆனால், கையில் தூக்குகிற அளவு சிலிண்டர் அரை நிமிடத்துக்குள் காலியாகிவிடும் என்பது பலருக்குத் தெரியாது. பின்னை எப்படி இழுப்பது என்று யோசிக்கிற நேரமே அதைவிட அதிகமாகிவிடும்.

அந்த வால்வை யார் மூடுவது?

ஐ.சி.யூ. தீ ஏன் இவ்வளவு வேகமாகப் பரவுகிறது? நாம் சுவாசிக்கிற காற்றில் ஆக்சிஜன் 21 சதவிகிதம்தான். ஆக்சிஜன் கசிந்து அந்த அளவு கொஞ்சம் கூடினாலே, சாதாரணமாக மெதுவாக எரிகிற பொருள்கூடக் கொழுந்துவிட்டு எரியும். கொரோனா காலத்தில் இதை இந்தியா விலை கொடுத்துத்தான் தெரிந்துகொண்டது. 2020 ஆகஸ்ட்டில் அகமதாபாத், நவம்பரில் ராஜ்கோட், 2021 ஏப்ரலில் மும்பைக்குப் பக்கத்தில் விரார், மே 1-ம் தேதி பரூச் என்று வரிசையாகத் தீ விபத்துகள். 24 மணி நேரமும் ஓடுகிற ஏ.சி.க்கள், ஒரே அறையில் அளவுக்கு மீறிய மின்கருவிகள், காற்றில் கூடுதல் ஆக்சிஜன். ராஜ்கோட் சம்பவத்துக்குப் பிறகு, 2020 டிசம்பர் 18-ம் தேதி உச்ச நீதிமன்றமே தலையிட்டு, கோவிட் மருத்துவமனை ஒவ்வொன்றிலும் தீப் பாதுகாப்புக்குப் பொறுப்பான ஓர் அதிகாரி இருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது.

குழாய் வழியாக ஆக்சிஜன் வருகிற வார்டுகளுக்கு வெளியே, சுவரில் ஒரு பெட்டிக்குள் வால்வு இருக்கும். அந்தப் பகுதிக்கு மட்டும் ஆக்சிஜனை நிறுத்துகிற வால்வு. தீப்பிடித்தால் அதை மூட வேண்டும். மூடினால் உள்ளே வென்டிலேட்டரில் இருக்கிறவர்களின் கதி? மூடுவதற்கு முன் அவர்களைச் சின்ன சிலிண்டருக்கு மாற்ற வேண்டும், அல்லது கையால் அழுத்துகிற பையால் மூச்சுக் கொடுத்துக்கொண்டே வெளியே கொண்டுவர வேண்டும். இந்த முடிவை எடுக்கிற அதிகாரம் யாருக்கு? இரவில் ஐ.சி.யூ. பொறுப்பு நர்ஸ் தானாகவே மூடலாமா, டாக்டரைக் கேட்க வேண்டுமா, டாக்டர் வேறு மாடியில் இருந்தால்? எழுதி வைக்காத இடத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். மூடிவிட்டு, பிறகு 'உன்னை யார் மூடச் சொன்னது' என்று விசாரணைக் கமிட்டி முன்னால் நிற்க வேண்டிவருமோ என்ற பயம் ஒரு 23 வயது ஸ்டாஃப் நர்ஸுக்கு இருக்காதா என்ன?

பச்சைக் குழந்தைகள்

மகாராஷ்டிராவின் பண்டாரா மாவட்ட அரசு மருத்துவமனை, 2021 ஜனவரி 9. பச்சிளம் குழந்தைகளுக்கான பிரிவில் நள்ளிரவுக்கு மேல் தீ. 17 குழந்தைகளில் 7 பேரை மீட்டார்கள், 10 குழந்தைகள் இறந்தன. 2024 நவம்பர் 15, உத்தரப்பிரதேசத்தின் ஜான்சி அரசு மருத்துவக் கல்லூரி. அங்கும் பச்சிளம் குழந்தைகள் பிரிவு. அன்றிரவே 10 குழந்தைகள் இறந்தன. அங்கே ஒரு நர்ஸ், தன் உடையில் தீப்பிடித்த பிறகும் குழந்தைகளைத் தூக்கித் தூக்கி வெளியே கொடுத்துக்கொண்டிருந்தார்.

இரண்டு கைகளில் எத்தனை குழந்தைகளைத் தூக்க முடியும்? இதற்கென்றே பல நாடுகளில் ஓர் ஏப்ரன் வைத்திருக்கிறார்கள். முன்னும் பின்னும் பைகள் தைத்திருக்கும். ஒவ்வொரு பையிலும் ஒரு குழந்தையை வைத்துக்கொண்டு ஒரே நர்ஸ் நான்கைந்து குழந்தைகளோடு படியிறங்கலாம். ராக்கெட் விஞ்ஞானம் ஒன்றும் இல்லை. நம்மூர் டெய்லர் ஒரு பகலில் தைத்துவிடுகிற துணிதான். தைத்துக் கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டிவைக்க வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்ற வேண்டும்.

பழகியிருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நியூயார்க் உதாரணம். 2012 அக்டோபர் 29 இரவு சாண்டி புயலில் அங்கே ஒரு பெரிய மருத்துவமனையில் மின்சாரம் போய், மாற்று மின்சாரமும் நின்றுபோனது. லிஃப்ட் இல்லை. 300-க்கும் மேற்பட்ட நோயாளிகளை இருட்டில் படிக்கட்டு வழியாக இறக்கினார்கள். அதில் 20 பச்சிளம் குழந்தைகள், ஒன்பதாவது மாடியிலிருந்து. வென்டிலேட்டரில் இருந்த குழந்தைகளுக்கு நர்ஸுகள் கையால் பையை அழுத்தி மூச்சுக் கொடுத்துக்கொண்டே ஒவ்வொரு படியாக இறங்கினார்கள். அந்த வெளியேற்றத்தில் ஒருவரும் சாகவில்லை. 'அது அமெரிக்கா' என்று தள்ளிவிட வேண்டாம். மின்சாரத்தைப் பொறுத்தவரை அங்கேயும் சொதப்பல்தான். அடித்தளத்தில் புகுந்த தண்ணீர்தான் காரணம். காப்பாற்றியது மனிதர்கள்.

தண்ணீர் என்றதும் சென்னைக்காரர்களுக்கு 2015 டிசம்பர் ஞாபகம் வரும். அடையாற்றங்கரையில் ஒரு பெரிய தனியார் மருத்துவமனைக்குள் வெள்ளம் புகுந்து மின்சாரம் துண்டிக்கப்பட்ட அந்த நாள்களில், அங்கிருந்த 18 நோயாளிகள் இறந்ததாகச் சொல்லப்பட்டது. மின்தடைதான் காரணமா, ஏற்கெனவே கவலைக்கிடமாக இருந்தவர்களா என்பதில் சர்ச்சை நீண்டது. ஜெனரேட்டர் தண்ணீர் ஏறாத இடத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது இன்ஜினீயர் வேலை. அது நின்றுபோனால் எந்த நோயாளியை முதலில் நகர்த்துவது, எந்த மருத்துவமனைக்கு, எந்த ஆம்புலன்ஸில் என்ற பட்டியல் வார்டில் இருக்க வேண்டும்.

விபத்து வெளியே நடந்தால்

2023 ஜூன் 2-ம் தேதி மாலை, ஒடிசாவின் பாலசோர் மாவட்டத்தில் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் விபத்து. 290-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், ஆயிரத்துக்கும் அதிகமானோர் காயமடைந்தார்கள். சுற்றியிருந்த மருத்துவமனைகளுக்கு ஒரே இரவில் நூற்றுக்கணக்கானவர்கள் வந்து சேர்ந்தார்கள். இப்படிப்பட்ட நேரத்தில் வழக்கமான ஆஸ்பத்திரி விதி தலைகீழாகிவிடும். முதலில் வந்து சேர்கிறவர்கள் லேசான காயக்காரர்கள். கிடைத்த ஆட்டோவில் ஏறி அவர்களே வந்துவிடுவார்கள். படுகாயம் அடைந்தவர்கள் பின்னால்தான் ஆம்புலன்ஸில் வருவார்கள். வந்த வரிசையில் பார்க்க ஆரம்பித்தால் படுக்கை எல்லாம் சிராய்ப்புக்காரர்களால் நிரம்பிப்போயிருக்கும்.

அதனால்தான் வாசலிலேயே தரம் பிரிக்கிறார்கள். 1983-ல் கலிஃபோர்னியாவில் உருவாக்கிய ஒரு முறை இன்றும் பல நாடுகளில் புழக்கத்தில் இருக்கிறது. எழுந்து நடக்க முடிகிறவருக்குப் பச்சை அட்டை. மூச்சு நிமிடத்துக்கு 30-ஐத் தாண்டினாலோ, நகத்தை அழுத்திவிட்டால் 2 விநாடிக்குள் ரத்தம் திரும்பாவிட்டாலோ, 'கையைத் தூக்குங்க' என்றால் புரிந்துகொள்ளாவிட்டாலோ சிவப்பு. இவை எதுவும் இல்லை, ஆனால் நடக்க முடியவில்லை என்றால் மஞ்சள். மூச்சுப்பாதையைச் சரிசெய்த பிறகும் மூச்சு வராவிட்டால் கறுப்பு. ஒருவரைப் பார்க்க ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரம். தமிழக அரசு மருத்துவமனைகளின் அவசர சிகிச்சைப் பிரிவுகளிலும் இப்போது சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பகுதிகள் பிரித்திருக்கிறார்கள், போனவர்கள் பார்த்திருப்பீர்கள். நல்ல தொடக்கம். தினமும் வருகிறவர்களைப் பிரிப்பது ஒன்று, ஒரே மணி நேரத்தில் 80 பேர் வந்து இறங்கும்போது பிரிப்பது வேறு. கறுப்பு அட்டையைக் கட்டுகிற கை நடுங்கும். 'எங்க அப்பாவை ஏன் பார்க்க மாட்டேங்கிறீங்க' என்று சட்டையைப் பிடிப்பார்கள். அதற்கும் பயிற்சி வேண்டும், கூட நிற்க ஆளும் வேண்டும்.

பேனர் கட்டிய ஒத்திகை

ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம். 1944-ல் மும்பைத் துறைமுகத்தில் வெடித்த கப்பல் தீயை அணைக்கப்போய் உயிர்விட்ட தீயணைப்பு வீரர்களின் நினைவாகக் கடைப்பிடிப்பது. அந்த வாரத்தில் பல மருத்துவமனைகளில் ஒத்திகை நடக்கும். பகல் 11 மணி, வாசலில் பேனர், ஒரு தகரத் தட்டில் எண்ணெய் ஊற்றி எரியவிட்டு ஒருவர் சிலிண்டரால் அணைப்பார், மற்றவர்கள் கைதட்டுவார்கள், குரூப் போட்டோ, டீ, சமோசா. நைட் ஷிஃப்ட் பார்த்துவிட்டுத் தூங்கப்போனவர்கள் அதில் இருக்க மாட்டார்கள். ஒப்பந்தத்தில் வேலை செய்கிற துப்புரவுப் பணியாளர்களையும் செக்யூரிட்டியையும் பெரும்பாலும் கூப்பிடவே மாட்டார்கள். வருஷத்துக்கு இரண்டு முறை ஏஜென்சி மாறும், ஆட்களும் மாறுவார்கள். ஆனால், கொல்கத்தாவிலும் பண்டாராவிலும் தீப்பிடித்தது இரவில்தான். வார்டில் மிகக் குறைவான ஆட்கள் இருக்கும் நேரம் அது.

ஆள் கணக்கையும் சொல்லாமல் விடக் கூடாது. இந்திய நர்ஸிங் கவுன்சில் கணக்குப்படி தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு நோயாளிக்கு ஒரு நர்ஸ் இருக்க வேண்டும். ஊரில் உள்ள எந்த நர்ஸிடம் வேண்டுமானாலும் இரவு டியூட்டியில் எத்தனை பேரைப் பார்க்கிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். சிரித்துவிட்டுப் போவார். ஒத்திகை எவ்வளவு செய்தாலும், 10 பேரை இழுக்க இருவர் போதாது.

சரியாக நடந்த இடமும் இருக்கிறது. 2022 ஏப்ரல் 27, சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. பழைய அறுவை சிகிச்சைக் கட்டடத்தில் தீ. கரும்புகை, சிலிண்டர் வெடிக்கிற சத்தம். 30-க்கும் மேற்பட்ட நோயாளிகளை ஊழியர்களும் தீயணைப்பு வீரர்களுமாக வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். ஒரு உயிரும் போகவில்லை. பகல் நேரம், ஆட்கள் நிறைந்த பெரிய மருத்துவமனை என்பது உதவியது. இதே தீ இரவில் வந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று ஒவ்வொரு மருத்துவமனையும் தன்னைக் கேட்டுப் பார்க்க நல்ல உதாரணம் இது.

அட்டெண்டராக ஆஸ்பத்திரியில் தங்குகிறவர்கள் செய்யக்கூடியதும் கொஞ்சம் உண்டு. நோயாளியைச் சேர்த்து, பிளாஸ்க்கையும் பையையும் வைத்த பிறகு, ஒருமுறை வராந்தாவில் நடந்துபோய் இரண்டாவது படிக்கட்டு எங்கே என்று பாருங்கள். அதன் கதவுக்குப் பின்னால் உடைந்த கட்டிலும் பழைய ஃபைல் மூட்டையும் அடைந்து கிடக்கிறதா என்றும் பாருங்கள். கிடந்தால் வார்டு சூப்பர்வைசரிடம் சொல்லுங்கள். சண்டை போட வேண்டாம், சிஸ்டர் மேல் பாயவும் வேண்டாம், அவருக்கும் அது ஆபத்துதான். கதவில் பூட்டு தொங்கினால், சாவி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். ராத்திரியில் யாரிடம் இருக்கும் என்றும் கேளுங்கள்.